சோவார் அ மனித்: வேல்ஸ் மலைக்குள் இருக்கும் ஒரு சேப்பலுக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

வேல்ஸின் நடுவே, காம்ப்ரியன் மலைகளுக்குள், கம்தூர் என்ற சிற்றாற்றங்கரையில் மரங்கள் சூழ ஒரு நீளமான வெள்ளைக் கட்டடம் நிற்கிறது. பக்கத்தில் ஊர் இல்லை, கடை இல்லை, தெருவிளக்கு இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்லும் ஆடுகளும் ஊசியிலைக் காடும்தான். வேல்ஸிலேயே மிகவும் ஒதுக்குப்புறமான சேப்பல், அதாவது எளிய கிறிஸ்தவ வழிபாட்டிடம், என்று இதைச் சொல்வார்கள். 1822-இல் கட்டியது.

இங்கே வருகிறவர்களில் பலர் காரை நிறுத்தி, நாலு படம் எடுத்து, கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன், ஒன்றும் புரியவில்லை. யாருமே இல்லாத இடத்தில் ஏன் ஒரு சேப்பல்? இரண்டாவது தடவை மெதுவாக ஓட்டிக்கொண்டு, வழியில் நின்று நின்று போனபோதுதான் பதில் கிடைத்தது. கட்டியபோது அது யாருமில்லாத இடமாக இருக்கவில்லை. சுற்றியிருந்த பண்ணை வீடுகள் போய்விட்டன, சேப்பல் மட்டும் மிச்சம். அதனால் இந்த வழிகாட்டி கட்டடத்தைவிட வழியையும் நிலத்தையும் பற்றித்தான் அதிகம் பேசும்.

கிளம்பும் முன்: பெயரைச் சொல்லிப் பழகுங்கள்

சோவார் என்ற பெயர் வேதாகமத்திலிருந்து வந்தது. ஆதியாகமம் 19-ஆம் அதிகாரத்தில், சோதோம் அழியும்போது லோத்து ஓடித் தஞ்சம் புகுந்த சின்ன ஊர் சோவார். 'மனித்' என்றால் வெல்ஷ் மொழியில் மலை, நடுவில் வரும் 'அ' ஆங்கிலத்தின் 'ஆஃப் த' போல இரண்டையும் இணைக்கிறது. மலையின் சோவார். வேல்ஸ் முழுக்கச் சேப்பல்களுக்கு இப்படித்தான் பெயர்: பெத்தேல், எபெனேசர், சீயோன், சாலேம், எப்ரோன், ஓரேப். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்ப் பலகைகள் சொந்த ஊரில் பார்த்தவை போலவே இருக்கும். வடக்கு வேல்ஸில் பெத்தெஸ்தா என்று ஒரு ஊரே உண்டு. 1820-இல் கட்டிய சேப்பலின் பெயர்தான் பிறகு ஊருக்கும் வந்தது.

வெல்ஷ் உச்சரிப்புக்குப் பலர் பயப்படுகிறார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். 'மனித்' என்பதன் கடைசி ஒலி, 'அது' என்று சொல்லும்போது வரும் 'து'வின் மெல்லிய ஒலிதான். ஆங்கிலக்காரர்கள் தடுமாறும் காற்றொலி ஒன்றும் இருக்கிறது. 'எஃகு' என்பதை ஆய்தத்தோடு ஒழுங்காகச் சொன்னால் ஏறக்குறைய அதைத் தொட்டுவிடலாம். சேப்பலை அவர்கள் 'கப்பெல்' என்பார்கள். அதற்கு முன்னால் பழைய என்று பொருள்படும் 'ஹென்' வந்தால் முதல் எழுத்து மெலிந்துவிடும். தமிழில் 'கல்' என்பதில் ஒரு மாதிரியும் 'பகல்' என்பதில் வேறு மாதிரியும் ககரம் ஒலிக்கிறதே, அதே மாற்றம்தான். நாம் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுகிறோம், அவர்கள் எழுத்தையே மாற்றிவிடுகிறார்கள். ஒரே ஊரின் பெயர்ப் பலகையில் எழுத்து மாறியிருந்தால் குழம்ப வேண்டாம்.

மூன்று சொற்கள் போதும். மதிய வணக்கத்துக்கு 'பிரன்ஹவுன் டா', நன்றிக்கு 'டியோல்ஃக்', அவர்கள் உங்களிடம் சொல்லப்போகும் நல்வரவு 'க்ராய்சோ'. இந்தப் பகுதியில் வெல்ஷ் அன்றாடப் பேச்சுமொழி. ஒரு சொல் சொன்னாலும் முகம் மலரும்.

ஏன் அங்கே கட்டினார்கள்

இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் பயணத்துக்கு அர்த்தம். வேல்ஸில் 'சர்ச்' வேறு, 'சேப்பல்' வேறு. சர்ச் என்பது அப்போது இங்கிலாந்துத் திருச்சபையின் கோவில். அரசோடும் நிலக்கிழார்களோடும் சேர்ந்தது, 1920 வரை வேல்ஸின் அதிகாரபூர்வத் திருச்சபையும் அதுதான். சேப்பல் என்பது அதிலிருந்து விலகியவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டிய இடம். ஆடு மேய்ப்பவர், தச்சர், சுரங்கத் தொழிலாளி, சிறு குத்தகைக்காரர் என்று எளிய மக்களின் வீடு அது. பேச்சும் பாட்டும் கணக்குவழக்கும் எல்லாம் அவர்கள் மொழியில் நடந்தன.

சோவார் இருப்பது லான்தெவி ப்ரெவி என்ற மிகப் பெரிய பங்கின் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதியின்) கிழக்குக் கோடியில். பங்குக் கோவில் மலைக்கு அந்தப் பக்கம், பறவை பறக்கும் கணக்கிலேயே 12 கிலோமீட்டர். பனிக்காலத்தில் அந்த மலையைக் கடந்து ஞாயிறுதோறும் யார் போவது? ட்ரெகாரன் என்ற சந்தை ஊரில் அப்போது எபனேசர் ரிச்சர்ட் என்ற மெதடிஸ்ட் போதகர் இருந்தார். சிதறிக் கிடந்த மலைப் பண்ணைகளுக்கு ஒரு மையம் வேண்டும் என்று முனைந்து இதைக் கட்ட வைத்தவர் அவர்தான். பல பண்ணைகளிலிருந்து ஆட்கள் குதிரையேறியும் நடந்தும் வருவதற்கு வசதியான இடம் என்பதால்தான் ஆற்றங்கரை.

அவர் சார்ந்த கால்வினிய மெதடிஸ்ட் இயக்கத்துக்கு அப்போது தனிச் சபை என்ற வகையில் பதினோரு வயதுதான். 1735 வாக்கில் டேனியல் ரோலண்ட், ஹவல் ஹாரிஸ் ஆகியோர் தொடங்கிய எழுப்புதல் நெடுங்காலம் இங்கிலாந்துத் திருச்சபைக்குள்ளேயே இருந்து, 1811-இல் தங்கள் போதகர்களைத் தாங்களே அபிஷேகம் செய்துகொண்டு பிரிந்தது. இன்று அதன் பெயர் வேல்ஸ் பிரஸ்பிட்டேரியன் சபை. இந்தியர்களுக்கு இதோடு நேரடி உறவு உண்டு. இந்தச் சபை அனுப்பிய தாமஸ் ஜோன்ஸ் 1841-இல் சிரபுஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அங்குள்ள காசி (Khasi) மக்களின் மொழிக்கு ரோமன் எழுத்து அமைத்தபோது வெல்ஷ் எழுத்து முறையையே பின்பற்றினார். காசி நெடுங்கணக்கில் 'G' எழுத்தை அடுத்து 'Ng' வருவது வெல்ஷ் வரிசை. இப்படிப்பட்ட சேப்பல்களில் சேர்ந்த காணிக்கைதான் அந்தப் பணியைத் தாங்கியது. இன்று மேகாலயாவிலும் மிசோரமிலும் இருக்கும் பிரஸ்பிட்டேரியன்களின் எண்ணிக்கை வேல்ஸில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு.

நாளைத் தேர்ந்தெடுப்பது

ஞாயிற்றுக்கிழமை போங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கோடை மாதங்களில் ஞாயிறு பிற்பகல் இங்கே வெல்ஷ் மொழியில் ஆராதனை நடக்கிறது. பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஒரு கையளவு. ஆனால் அன்றைக்கு வேல்ஸின் பல மூலைகளிலிருந்து கார்கள் வந்து நிற்கும். காலியான கட்டடத்தைப் பார்ப்பதும் அது நிறைந்து பாடுவதைக் கேட்பதும் இரண்டு வேறு அனுபவங்கள். தேதியும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், எல்லா ஞாயிறும் இருக்கும் என்றும் இல்லை. ட்ரெகாரனில் விசாரித்தோ இணையத்தில் பார்த்தோ உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். கூட்டம் இல்லாமல் அமைதியாகப் பார்க்க வேண்டும் என்றால் வார நாளில் போகலாம். அப்போது கதவு திறந்திருக்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மார்ச் முதல் மே வரை ஆடுகள் குட்டி போடும் காலம், சாலையிலேயே குட்டிகள் படுத்திருக்கும். குளிர்காலத்தில் உறைபனி விழுந்தால் இந்தப் பாதையைத் தொடவே வேண்டாம்.

வழி

பேருந்து கிடையாது. சொந்தக் காரோ வாடகைக் காரோ வேண்டும், நல்ல உடற்பயிற்சி உள்ளவர்கள் சைக்கிளில் போகலாம். இரண்டு பாதைகள் உண்டு. போகும்போது ஒன்று, திரும்பும்போது இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் மொத்த நாடகமும் கண்ணில் படும்.

முதல் பாதை ட்ரெகாரனிலிருந்து. ரயிலில் வருபவர்கள் அபரிஸ்ட்வித்தில் இறங்கி அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வர வேண்டும். ட்ரெகாரன் வழியாக ஓடிய ரயில் பாதையில் பயணிகள் வண்டி 1965-இல் நின்றுபோனது. ஊரில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், கழிப்பறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள், சாப்பாடும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தை ஃபோனில் தரவிறக்கி வையுங்கள். மலைக்குள் சிக்னல் கிடையாது. மழைச் சட்டை எந்த மாதமானாலும் வேண்டும்.

ஊரின் சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. ஹென்றி ரிச்சர்ட், 1812-இல் இங்கே பிறந்தவர், சோவாரைக் கட்டவைத்த எபனேசரின் மகன். நாடுகளுக்கிடையே சண்டைகளைப் போரால் அல்லாமல் நடுவர் தீர்ப்பால் முடிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க உழைத்ததால் அவருக்குச் சமாதானத்தின் அப்போஸ்தலர் என்று பெயர். 1868-இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தத் தேர்தலில் நிலக்கிழாருக்கு எதிராக ஓட்டுப் போட்ட குத்தகைக்காரர்கள் பலர் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டார்கள். ஓட்டு அப்போது வெளிப்படையாகப் போடப்பட்டதால் யார் யாருக்குப் போட்டார் என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டே நாடாளுமன்றத்தில் அந்தக் குடும்பங்களுக்காகப் பேசியவர் இவர். 1872-இல் இரகசிய வாக்குச் சட்டம் வந்தது. சேப்பல்களில் பிரசங்கம் மட்டும் நடக்கவில்லை, அரசியலும் அங்கேதான் விளைந்தது என்பதற்கு இந்தத் தகப்பனும் மகனும் போதும்.

சதுக்கத்திலிருந்து அபர்குவெசின் போகும் மலைச்சாலையைப் பிடியுங்கள். இது பழைய மாட்டு வியாபாரிகளின் பாதை. ரயில் வருவதற்கு முன்னால் வேல்ஸின் கறுப்பு மாடுகளை மந்தை மந்தையாக இங்கிலாந்துச் சந்தைகளுக்கு ஓட்டிப் போன வழி. மாட்டுக் குளம்புக்கு இரும்பு லாடம் அடிப்பார்கள். வாத்துகளைத் தாரிலும் மணலிலும் நடக்கவிட்டுக் காலுக்குச் செருப்புப் போட்டது போல ஆக்குவார்கள். திரும்பி வரும்போது கையில் பணம், வழியில் கொள்ளையர் பயம். அதனால்தான் 1799-இல் லாண்டவரியில் டேவிட் ஜோன்ஸ் என்ற மாட்டு வியாபாரி கறுப்பு எருது வங்கி என்று ஒன்றையே தொடங்கினார்.

சாலை ஒரே ஒரு வண்டி போகும் அகலம். எதிரே வண்டி வந்தால், விரிந்த ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுக்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கத் தயங்குபவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப் போவது நல்லது. ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள், அது பண்ணைக்காரர் தினமும் ஓட்டும் பாதை. மூடியிருந்த கதவைத் திறந்தால் மூடுங்கள், திறந்திருந்ததை அப்படியே விடுங்கள்.

பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் நண்ட்-அ-மைன் பக்கம் ஒரு சந்தி வரும். மலைக்கு நடுவே தன்னந்தனியாக நின்ற சிவப்புத் தொலைபேசிக் கூண்டுதான் நெடுங்காலமாக இதன் அடையாளம். நேரே போனால் சாத்தானின் படிக்கட்டு என்று பெயர் வாங்கிய செங்குத்துச் சாலை. நீங்கள் வலது பக்கம், தெற்கே திரும்புங்கள். இன்னும் ஐந்தாறு கிலோமீட்டரில் சோவார். ட்ரெகாரனிலிருந்து மொத்தம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர்தான், ஆனால் 40 நிமிடமாவது ஒதுக்குங்கள்.

இந்தக் கடைசித் துண்டைத்தான் மெதுவாக ஓட்டச் சொல்கிறேன். மொட்டை மலைச்சரிவில் திடீரென்று நாலைந்து பழைய அகல இலை மரங்கள் கூட்டமாக நின்றால் கவனியுங்கள். தானாக முளைத்தவையாக இருக்காது, காற்றுக்குத் தடுப்பாக வீட்டைச் சுற்றி நட்டவையாகத்தான் இருக்கும். பக்கத்தில் இடிந்த கல்சுவர் தெரியலாம். 1947-இன் கடும் பனிக்காலம் இந்த மலைகளில் ஆட்டு மந்தைகளைக் கொன்று குவித்தது. பலர் அதற்குப் பிறகு மலைப் பண்ணையை விட்டே போனார்கள். அப்புறம் அரசின் வனத்துறை நட்ட ஊசியிலை மரங்கள் பழைய மேய்ச்சல் நிலத்தை மூடின. அப்புறம் அணை வந்தது. சேப்பலில் ஞாயிறுதோறும் உட்கார்ந்தவர்களின் வீடுகள் இப்படித்தான் மலையிலிருந்து மறைந்தன.

இரண்டாவது பாதை தெற்கே லாண்டவரியிலிருந்து, ராண்டிர்முயின் வழியாக, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். லாண்டவரிக்கு ரயில் உண்டு. வழியில் லின் பிரியான் நீர்த்தேக்கம். 1972-இல் கட்டி முடித்த இதன் அணை 91 மீட்டர் உயரம், பிரிட்டனிலேயே உயரமானது. சாலை நீர்த்தேக்கத்தின் கரையை வளைந்து வளைந்து ஒட்டிப் போகும். வானத்தில் சிவப்புப் பருந்து வட்டமிடும். வால் முள்கரண்டி போலப் பிளந்திருப்பதை வைத்து அடையாளம் காணலாம். பிரிட்டன் முழுக்க வேட்டையாடி ஒழித்தபோது இந்தப் பள்ளத்தாக்குகளில்தான் ஒரு சில ஜோடிகள் தப்பிப் பிழைத்தன.

வந்து சேர்ந்ததும் வெளியே நில்லுங்கள்

உடனே உள்ளே போகாதீர்கள். கட்டடத்தின் நீளத்தைப் பாருங்கள். சேப்பல், அதைக் கவனிப்பவரின் வீடு, குதிரை லாயம் மூன்றும் ஒரே வரிசையில், ஒட்டி ஒட்டி இருக்கின்றன. மலைநாட்டுப் பண்ணை வீடுகளில் மனிதரும் கால்நடையும் ஒரே நீளக் கூரையின் கீழ் இருந்த பழைய முறையைத்தான் இது நினைவூட்டுகிறது. தங்களுக்குத் தெரிந்த வடிவத்தில் தெய்வத்துக்கும் கட்டினார்கள். தூரத்திலிருந்து குதிரையேறி வரும் போதகருக்குச் சாப்பாடும் படுக்கையும் வேண்டும், குதிரைக்கு இடம் வேண்டும். ஒரு காலத்தில் சுற்றுப் பண்ணைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இங்கேதான் நடந்தது.

கோபுரம் இல்லை, சிலுவை இல்லை, சிற்பம் இல்லை. வெள்ளைச் சுவர், வளைந்த தலையுள்ள ஜன்னல்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்துக் கிராமச் சேப்பல்களில் வாசலும் ஜன்னலும் நீளச் சுவரில் இருக்கும். பிந்திய நகரச் சேப்பல்கள் முக்கோண முகப்பைத் தெருவுக்குக் காட்டி நிற்கும். எந்த ஊரிலும் சேப்பலின் வயதை ஊகிக்க இது எளிய வழி.

உள்ளே

உட்காருங்கள். பின் வரிசையில், சுவர் ஓரமாக. பிரசங்க மேடைக்குப் பின்னால் சுவரில் மூன்று வெல்ஷ் சொற்கள்: 'தியூ கரியாட் யூ'. தமிழ் வேதாகமத்தில் 1 யோவான் நான்காம் அதிகாரத்தில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று படிக்கிறோமே, அதே வாக்கியம். அந்தச் சுவரின் முழு அலங்காரமும் அதுதான்.

சேப்பலின் மையம் பலிபீடம் இல்லை, பிரசங்க மேடை. எல்லா இருக்கையும் அதை நோக்கியே இருக்கும், காதுதான் முக்கியம். பெரும்பாலான சேப்பல்களில் மேடைக்குக் கீழே, சபையைப் பார்த்தபடி தடுப்புக்குள் ஓர் இருக்கை உண்டு. 'செய்ட் வவுர்', பெரிய இருக்கை என்பார்கள். மூப்பர்கள் உட்காரும் இடம், அங்கே உட்கார வேண்டாம். ஒவ்வொரு வரிசையையும் சிறு கதவு வைத்து அடைத்திருப்பார்கள். முன்பு அவை குடும்பத்துக்கு ஒன்று. பக்கத்தில் வழக்கமாக வருகிறவர் யாராவது இருந்தால் எங்கே உட்காரலாம் என்று கேளுங்கள், அவர்களே அழைத்து உட்கார வைப்பார்கள்.

ஆராதனை ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், பிரசங்கம், மறுபடி பாட்டு. எல்லாம் வெல்ஷில். பாடும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். நம்பிக்கை உங்களுடையதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஃபோனை அணைத்து வையுங்கள், ஆராதனை நேரத்தில் படமோ பதிவோ கூடாது. காணிக்கைக்குச் சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும். இந்தக் கூரை அதில்தான் நிற்கிறது.

பாட்டு தொடங்கும்போதுதான் எதற்கு வந்தோம் என்று தெரியும். பயிற்சி பெற்ற பாடகர் குழு கிடையாது, ஆனால் சபையே நான்கு குரலாகப் பிரிந்து பாடும். பெண்கள் இரண்டு குரல், ஆண்கள் இரண்டு குரல். யாரும் பிரித்துக் கொடுப்பதில்லை, சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் சேப்பல்கள் டானிக் சால்ஃபா முறையைப் பற்றிக்கொண்டன. ஐந்து கோட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளியும் டோ-ரே-மி எழுத்தை வைத்துக் கடினமான இசையைப் படித்தார். தமிழ்நாட்டுத் திருச்சபைப் பாடகர் குழுக்களில் பாடியவர்களுக்கு இந்த முறை பழக்கமானதுதான். முதலில் குரல் எடுத்துக் கொடுப்பவருக்கு 'கோடுர் கனி' என்று பெயர், பாட்டைத் தூக்குகிறவர் என்று பொருள். அழகான சொல். கல்சுவருக்குள் அந்த ஒலி எழும்போது மொழி தெரியாததை மறந்துவிடுவீர்கள்.

பிரசங்கமும் ஒரு விதத்தில் இசைதான். பழைய வெல்ஷ் போதகர்கள் உணர்ச்சி ஏற ஏறப் பேச்சிலிருந்து பாட்டுப் போன்ற ஒரு ராகத்துக்குப் போய்விடுவார்கள். அதை 'ஹுயில்' என்கிறார்கள், பாய்மரத்துக்கும் அதே சொல். இப்போது அது அரிது. ஆனால் வயதான போதகர் யாராவது வந்திருந்தால் ஒரு வாக்கியத்தின் முடிவில் அதன் நிழலைக் கேட்கலாம்.

முடிந்ததும் உடனே ஓடாதீர்கள், வாசலில் பேச்சு நடக்கும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். நீங்களும் கேளுங்கள். முன்னோர் இந்த மலையில் வாழ்ந்தவர்களாக இருக்கலாம்.

கல்லறைகளைப் படிப்பது

சேப்பல் பக்கத்திலேயே சிறு கல்லறைத் தோட்டம். வெல்ஷ் கல்வெட்டைப் படிக்க ஒரு சில சொற்கள் போதும். 'எர் கோவ் அம்' என்றால் நினைவாக. 'பி வாரு' என்றால் இறந்தார். 'ஓய்ட்' வயது, 'மாப்' மகன், 'மெர்ஃக்' மகள், 'ப்ரியோட்' கணவன் அல்லது மனைவி, 'ஹெவிட்' மேலும்.

வேல்ஸில் குடும்பப் பெயர்கள் மிகக் குறைவு. ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ் என்று திரும்பத் திரும்ப வரும். அதனால் ஆளை அடையாளம் சொல்ல வீட்டுப் பெயரைச் சேர்ப்பார்கள். நம் கிராமங்களில் மேலத்தெரு முருகேசன், பெரியவீட்டு ராமு என்கிற மாதிரி. கல்லிலும் பெயருக்குக் கீழே பண்ணையின் பெயர் இருக்கும். அந்தப் பண்ணைப் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுப்பதானால் கல்லுக்கு முன்னால் நின்று செல்ஃபி வேண்டாம். பாசியைச் சுரண்டிப் படிக்கவும் கூடாது, கல் பெயர்ந்துவிடும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்து எழும்பும். பக்கத்தில் யாராவது பூ வைத்துவிட்டு நின்றால் அவர்கள் போகும் வரை காத்திருங்கள்.

இன்னொரு நாள் இருந்தால்

லான்கெய்த்தோ, ட்ரெகாரனுக்கு மேற்கே சில மைல். டேனியல் ரோலண்டைக் கேட்க வேல்ஸ் முழுக்க இருந்து மக்கள் நடந்து வந்த ஊர். இன்று மிகச் சிறியது, அவர் சிலை இருக்கிறது. ட்ரெகாரனுக்கு வடக்கே கோர்ஸ் காரன் சதுப்பு நிலம், மரப்பலகைப் பாதையில் நடக்கலாம். இன்னும் வடக்கே ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா, 1164-இல் தொடங்கிய துறவியர் மடத்தின் இடிபாடு. செதுக்கிய மேற்கு வாசல் வளைவு மட்டும் முழுசாக நிற்கிறது.

ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் தென்மேற்கே ரைடோவன் பக்கம் இருக்கும் லுவின்ரைடோவன் பழைய சேப்பலைச் சொல்வேன். அது திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் பிரிவினருடையது. 1876-இல் நிலக்கிழார் தரப்பு அந்தச் சபையையே கதவைப் பூட்டி வெளியேற்றியது. போதகர் க்விலிம் மார்லெஸின் தாராளவாத அரசியல்தான் குற்றம். பூட்டிய வாசலுக்கு வெளியே நின்று அவர் பேசியதைக் கேட்க ஆயிரக்கணக்கில் மக்கள் கூடினார்கள். சபையார் பணம் திரட்டிப் பக்கத்தில் புதுச் சேப்பல் கட்டினார்கள். 1879-இல் அவர் இறந்தபோது அங்கேதான் புதைத்தார்கள். கவிஞர் டிலன் தாமஸுக்கு அவர் பெரிய தாத்தா முறை, கவிஞரின் நடுப்பெயரான மார்லாய்ஸ் அவர் பெயரிலிருந்து வந்ததே. பழைய சேப்பலை இப்போது வேல்ஸ் வழிபாட்டிடங்களைக் காக்கும் அறக்கட்டளையான அத்தோல்தாய் கம்ரி பராமரிக்கிறது. பார்க்க முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கார் ஓட்டாதவர்களுக்கு: கார்டிஃப் அருகே செயிண்ட் ஃபகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1777-ஐச் சேர்ந்த பென்ரியூ சேப்பலைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நுழைவு இலவசம், பேருந்தில் போகலாம். ஞாயிறு பாட்டு கிடைக்காது, ஆனால் கிராமச் சேப்பலின் உள்ளமைப்பை நிதானமாகப் பார்க்கலாம்.

பண்ணைப் பெயர்களைத் தேடுவது

கல்லறையில் எழுதிய பெயர்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை இரவு தங்கும் இடத்தில் வைத்துத் தேடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் வேல்ஸுக்கான பழைய நில அளவை வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறு அங்குல வரைபடத்தைத் திறந்து, சோவாரைக் கண்டுபிடித்து, ஓடைகளைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஒவ்வொரு பெயராகக் கிடைக்கும். வீடு, தொழுவம், கிணறு, அங்கிருந்து சேப்பலுக்கு வந்த ஒற்றையடிப் பாதை வரை குறித்திருப்பார்கள். கட்டடங்களின் வரலாற்றுக்கு வேல்ஸ் ராயல் கமிஷனின் காஃப்லைன் தளம். இறப்புச் செய்தியோ கூட்டச் செய்தியோ தேட, அபரிஸ்ட்வித்தில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான செய்தித்தாள்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. கால்வினிய மெதடிஸ்டுகளின் ஆவணக் காப்பகமும் அந்த நூலகத்தில்தான்.

மறுநாள் தெற்குப் பாதையில் திரும்பும்போது அந்தப் பெயர்களையும் வரைபடத்தையும் பக்கத்தில் இருப்பவர் மடியில் வைத்திருக்கட்டும். ஒவ்வொரு ஓடையையும் கடக்கும்போது பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் ஊசியிலைக் காடு மட்டும் தெரியும். சில இடங்களில் தண்ணீர். சில இடங்களில் புகைபோக்கிச் சுவர் ஒன்று, நாலு மரம், கதவு இல்லாத வாசல்.